கண்டெடுத்த நகையை வெள்ளிக் கட்டியாக மாற்றுவது எப்படி?

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் அலைகிறவர்கள் வீட்டில் ஒரு டப்பா இருக்கும். ஒற்றைத் தோடு, அறுந்த சங்கிலி, நசுங்கிய மோதிரம். என் டப்பா நிறைந்தால் விற்று வெள்ளிக் கட்டி வாங்கிவிடுவேன். தங்கமாகவே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள், தாராளமாக. சின்னத் தொகைக்கும் கையில் கனமாக ஏதோ வருகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை.

1. அது உங்களுடையதுதானா?

கையில் கிடைத்ததாலேயே பொருள் நமதாகிவிடாது. பல நாடுகளில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். பழங்காலப் பொருள் என்றால் சட்டம் இன்னும் கடுமை. உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள். ஒப்படைத்ததற்கான ரசீதைத் தொலைக்காதீர்கள், விற்கப் போகும் இடத்தில் கேட்பார்கள். உள்பக்கம் பெயரும் தேதியும் பொறித்த மோதிரம் என்றால் உரியவரைத் தேடிப் பாருங்கள்.

2. முத்திரை

லென்ஸ் வைத்துப் பாருங்கள். 585 என்றால் 1000 பங்கில் 585 பங்கு தங்கம், அதாவது 14 கேரட். 750 என்பது 18, 916 என்பது 22. வெள்ளியில் பெரும்பாலும் 925. ஜிபி, ஜிஎஃப் என்ற எழுத்துகள் இருந்தால் மேலே மட்டும்தான் தங்கம். அடுத்து காந்தம்: தங்கமும் வெள்ளியும் ஒட்டாது. சங்கிலியின் கொக்கி மட்டும் ஒட்டினால் பதற வேண்டாம், உள்ளே எஃகு ஸ்பிரிங் இருக்கும்.

3. தண்ணீர் சோதனை

முத்திரையை யாரும் குத்தலாம். அடர்த்தியை ஏமாற்றுவது கஷ்டம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். மோதிரத்தை எடை போடுங்கள்: 6.20 கிராம் என்று வைப்போம். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மோதிரத்தை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு 0.47 காட்டினால், 6.20-ஐ அதால் வகுங்கள்: 13.2. இது 14 கேரட்டுக்குப் பொருந்துகிறது. 18 கேரட் 15-ஐ ஒட்டி வரும், 22 கேரட் 17-க்கு மேல். பித்தளை 9-ஐக்கூடத் தொடாது. கல் பதித்ததிலும், உள்ளே கூடாக இருப்பதிலும் இந்தக் கணக்கு உதவாது.

ஒருமுறை எனக்கு 15 வந்தது. வெள்ளைத் தங்கம், 18 கேரட் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் டங்ஸ்டன் கார்பைடு, மோதிரம் செய்யப் பயன்படும் மிகக் கடினமான பொருள்! அதன் அடர்த்தியும் அங்கேதான் நிற்கிறது. உள்பக்கம் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தங்கத்தில் கீறல் விழும், டங்ஸ்டன் கார்பைடில் அரம் வழுக்கும்.

4. விற்பது

மேலே சொன்ன 14 கேரட் மோதிரத்தில் 6.20 × 0.585 = 3.63 கிராம் சுத்தத் தங்கம். சந்தை விலை அவுன்ஸில் இருந்தால் 31.1035-ஆல் வகுத்துக் கிராம் விலைக்கு வாருங்கள். உருக்கும் செலவும் லாபமும் கழித்துத்தான் வாங்குவார்கள், அது நியாயம். "சுத்தத் தங்கத்தின் மதிப்பில் எத்தனை சதவீதம் தருவீர்கள்?" என்று மூன்று இடத்திலாவது கேளுங்கள். கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள்.

கேரட் வாரியாகத் தனித்தனிப் பொட்டலம் போடுங்கள். முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டி நீட்டினேன். மொத்தத்துக்கும் 9 கேரட் கணக்கு போட்டார்கள். நல்ல கல் பதித்த நகையை உருக்கும் தங்கத்தின் விலைக்கு மட்டும் தராதீர்கள். பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் கூடாது, மதிப்பே அந்தக் கறையோடு போய்விடும்.

5. வெள்ளி வாங்குவது

999 தரக் கட்டி போதும். சின்னக் கட்டியாக வாங்க வாங்கக் கிராமுக்குக் கூடுதல் விலை ஏறும். விற்பவரிடம் ஒரே கேள்வி: "இதையே இன்று உங்களிடம் திருப்பித் தந்தால் என்ன கொடுப்பீர்கள்?" 100-க்கு வாங்கியதற்கு 88 என்றால், வெள்ளி ஏறத்தாழ 14 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். வரியையும் சேர்த்துப் பாருங்கள். முதலீட்டுத் தங்கத்துக்கு வரிவிலக்கு தரும் சில நாடுகள் வெள்ளிக்குத் தருவதில்லை.

அவசரப் பணத்தை இதில் போடாதீர்கள். 1980 ஜனவரியில் உச்சிக்குப் போன வெள்ளி இரண்டே மாதத்தில் குப்புற விழுந்தது. மறுபடி அந்த உயரத்தை நெருங்க 2011 ஆயிற்று.

கட்டியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும்.