பாடன்-பாடன் நகரின் கட்டடங்களைப் பார்ப்பது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கு ஒரு நடைவழி

ஜெர்மனியின் பாடன்-பாடனுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் காசினோவுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் கதை பாதியிலிருந்துதான் தொடங்கும். வெந்நீர் ஊறும் இடத்தில் தொடங்குங்கள்.

1. குன்றின் அடி. ஃப்ளோரென்டினர் குன்றிலிருந்து சுமார் 68 டிகிரி வரை சூடான நீர் வருகிறது. அதற்காகவே ரோமானியர்கள் இங்கே குளியல் கூடங்கள் கட்டினார்கள். நிலத்தடியில் இருக்கும் இடிபாடுகளுக்குள் இறங்கி, தரையைத் தாங்கும் குட்டைச் செங்கல் தூண்களைப் பாருங்கள். அவற்றுக்கு நடுவே சூடான காற்றை விட்டுத்தான் அறைகளைச் சூடாக்கினார்கள்.

2. பழைய ஊர். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1689-இல் பிரெஞ்சுப் படை ஊரைக் கொளுத்தியது. அப்புறம் ஆட்சியாளர்களும் பக்கத்து ஊரான ராஸ்டாட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அதனால் இங்கே பார்க்கப் பழையது அதிகம் மிஞ்சவில்லை.

3. ஓஸ் ஆற்றைத் தாண்டுங்கள். இங்கே அவசரமே வேண்டாம். முதலில் குர்ஹவுஸ் முன்னால் நில்லுங்கள்; குளியலுக்கு வந்தவர்கள் கூடிப் பொழுதுபோக்கிய மாளிகை. 1820-களில் ஃப்ரீட்ரிக் வைன்பிரென்னர் கட்டியது இது. கொரிந்தியத் தூண்களின் (தலைப்பில் இலைச் செதுக்கல் உள்ளவை) மேல் நேரான உத்தரம் போகிறது. கிரேக்கக் கோயில் முறை. சரி, இப்போது பக்கத்திலுள்ள ட்ரிங்க்ஹாலேவுக்கு நடங்கள். ஊற்று நீரை மருந்தாகக் குடிக்க வந்தவர்களுக்காக 1839–42-இல் எழுந்த மண்டபம். இங்கும் தூண்கள் உண்டு, ஆனால் அவற்றின் மேல் இருப்பவை தட்டையான வளைவுகள். கட்டியவர் ஹைன்ரிக் ஹியூப்ஷ், வைன்பிரென்னரின் மாணவர். கிரேக்கப் பாணியை அப்படியே பின்பற்றுவது சரியா என்று 1828-இலேயே கேள்வி எழுப்பி நூல் எழுதியவர். குருவுக்குச் சீடர் கல்லிலேயே சொன்ன பதில் இது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊரில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால் இந்த இரண்டு முகப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. காசினோ. குர்ஹவுஸுக்கு உள்ளேயே இருக்கிறது. 1837 முடிவோடு பாரிஸில் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டதும், அங்கே தொழில் நடத்திய ழாக் பெனாஸே 1838-இல் இங்கே வந்தார். அவர் மகன் எதுவார் காலத்தில்தான் பிரெஞ்சு அரண்மனை பாணி அறைகள் உருவாயின. வெளியே அடக்கமான வைன்பிரென்னர், உள்ளே தங்கமும் சிவப்பும்! 1872-இல் ஜெர்மனியிலும் தடை வந்து மேசைகள் மூடப்பட்டன. மறுபடி திறந்தது 1933-இல். தடைக்குப் பின் ஊர் தன் வெந்நீரையே நம்ப வேண்டியிருந்தது. 1877-இல் திறந்த ஃப்ரீட்ரிக்ஸ்பாட் குளியல் மாளிகையின் ஆடம்பரத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

காசினோ அறைகளைக் காலையில் வழிகாட்டியோடு பார்க்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் போனால் கூரையை நிதானமாக அண்ணாந்து பார்க்க முடியும்.