எல்டொராடோ கேன்யன்: பழைய சுரங்கப் பதிவைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள எல்டொராடோ கேன்யன் பள்ளத்தாக்கில் இருந்த சுரங்கத்தின் பதிவு வேண்டுமென்றால் முதலில் ஆண்டை உறுதிசெய்யுங்கள். சுரங்கம் அங்கேயேதான் இருந்தது, எல்லைக்கோடுதான் ஓடிக்கொண்டே இருந்தது. 1861-இல் தங்கம், வெள்ளிக்காகக் கூட்டம் திரண்டபோது அது நியூ மெக்சிகோ பிரதேசம். 1863-இல் அரிசோனா பிரதேசம் ஆனது. அதில் 1864-இல் மொஹாவி கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), 1865 கடைசியில் பா-யூட் கவுண்டி. 1867-இல் நெவாடாவின் லிங்கன் கவுண்டி. இன்று அந்த இடம் இருக்கும் கிளார்க் கவுண்டி பிறந்ததே 1909-இல்தான். அந்தப் பெயரில் மட்டும் தேடினால் தொடக்ககாலம் முழுக்க விடுபட்டுவிடும்.

டெக்காட்டிகப் (Techatticup) போன்ற சுரங்கப் பெயர்களை ஒலியை வைத்துப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள்.

சரக்குக் கணக்குக்கு அரிசோனாவின் யூமா படகுத்துறையைப் பிடியுங்கள். நீராவிப் படகுகள் அங்கிருந்துதான் கொலராடோ ஆற்றில் ஏறி வந்தன. பனி உருகும் மே, ஜூனில் நீர் பெருகும். வற்றினால் படகு மணல்திட்டில் சிக்கும். ஆகவே சரக்குத் தேதி தள்ளிப்போயிருந்தால் பிழையென்று ஒதுக்காதீர்கள். 1883-இல் ஆற்றங்கரை ஊரான நீடில்ஸுக்கு (கலிபோர்னியா) ரயில் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய சரக்கை அங்கேயும் தேடுங்கள்.

நேரில் போனால் பழைய படகுத்துறையைத் தேடாதீர்கள். டேவிஸ் அணை தேக்கிய மொஹாவி ஏரியின் அடியில் பழைய கரை கிடக்கிறது. மலைமேல் மழைமேகம் தெரிந்தால் பள்ளத்தில் இறங்கவே வேண்டாம்: 1974 செப்டம்பரில் திடீர் வெள்ளம் கேன்யன் முகப்பிலிருந்த நெல்சன்ஸ் லேண்டிங் படகுத்துறையை அடித்துச் சென்றதில் 9 பேர் இறந்தார்கள்.