வீட்டுல கிடக்கதே ஏராளம்: ஒரு மாசத்துல தொடங்கி பாக்க ஒரு செய்முறை

எங்க வீடு குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல, பஸ்ல ஏறி சீட்டு பிடிச்சு உக்காருமுன்ன கேரளா வந்துரும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த பக்கம் பூரா திருவிதாங்கூர் கொச்சியோட தான் இருந்தது, அதனால எங்க அடுக்களையில புளிக்குழம்பும் இருக்கும் கேரளத்து தேங்காய்ப்பூ பொரியலான துவரனும் இருக்கும், அலமாரியில கண்டாங்கியும் இருக்கும் கேரளத்து ரெண்டு துண்டு சேலையான நேரியதும் முண்டும் இருக்கும். மொத்த இடம் அஞ்சு சென்ட், வீடும் கிணறும் போக மிச்சம் ஒண்ணரை சென்ட் இருந்தா பெரிசு.

கல்யாணமாகி வந்த புதுசுல நான் எல்லாத்தையும் விலைக்கு தான் வாங்கிட்டு இருந்தேன், கறிவேப்பிலை, பச்சமிளகாய், பூ, வாழை இலை எல்லாம். ஒருநாள் மாமி மெதுவா கூப்பிட்டு, "மக்ளே, சந்தைக்கு போறதுக்கு மின்ன வீட்ட ஒரு சுத்து சுத்திட்டு போ"ன்னு சொன்னாங்க. போய் பாத்தா கிணத்தடியில சேம்பு தானா முளைச்சு கிடக்கு, முருங்கை இலை உதிர்ந்து மக்கி கிடக்கு, அடுத்த வீட்டு காந்தாரி மிளகாய் செடி மதில் தாண்டி எங்க பக்கம் காய்ச்சு தொங்குது. அன்னைக்கு தொடங்கினது தான். செடி வச்சே பழக்கமில்லாதவங்களுக்கும், மொட்டை மாடி மட்டும் இருக்கவங்களுக்கும் சேத்து எழுதுறேன்.

ஸ்டெப் 1: ஒரு நோட்டு, ஒரு நாள்

ஒரு பழைய நோட்டு எடுத்துட்டு வீட்ட சுத்தி நடங்க. ஒரு பக்கத்துல நம்மகிட்ட மிச்சம் கிடக்கது எதெல்லாம்னு எழுதுங்க, அடுத்த பக்கத்துல வாரம் தவறாம காசு குடுத்து வாங்குறது எதெல்லாம்னு எழுதுங்க, மூணாவது பக்கத்துல அது அக்கம்பக்கத்துல யார் வீட்டுல நிக்குதுன்னு எழுதுங்க. இந்த மூணாவது பக்கம் தான் ரொம்ப முக்கியம், அத எழுதாம விட்டுறாதீங்க. எனக்கு மிச்சம் முருங்கை இலையும் தேங்காயும் வாழை இலையும், நான் வாங்கினது கறிவேப்பிலையும் மிளகாயும் பூவும், அது மூணும் எங்க தெருவுலயே நாலு வீட்டுக்குள்ள இருந்தது. அடுக்களை ஷெல்ஃபையும் துணி அலமாரியையும் இதே மாதிரி எழுதிருங்க, பின்னால தேவைப்படும்.

ஸ்டெப் 2: மண்ணு

இதுக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம். பழைய பெயின்ட் பக்கெட்ல அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை போட்டு, காய்ஞ்ச இலை ரெண்டு பங்கு, காய்கறி தோல் ஒரு பங்குன்னு மாத்தி மாத்தி போட்டு மூடி வைங்க. நாத்தம் வந்தா ஈரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், இன்னும் ரெண்டு கை சருகு போட்டு கிளறி விட்டா போதும். ரெண்டு மூணு மாசத்துல கருப்பா பொலபொலன்னு ஆயிரும். அது வரைக்கும் சாதாரண மண்ணுல சாணிப்பொடி கலந்து தொடங்குங்க.

ஸ்டெப் 3: அஞ்சே அஞ்சு செடி

எங்க பக்கம் ரெண்டு மழை உண்டு, ஜூன்ல எடவப்பாதி, ஐப்பசியில துலா மழை, எது பக்கத்துல வருதோ அதுக்கு ஒரு வாரம் முன்ன குழி எடுத்து வச்சுக்கிடுங்க. ஆசைப்பட்டு இருபது செடி வைக்காதீங்க, நான் வச்சு பதினஞ்சு காய்ஞ்சு போச்சு, அந்த வருத்தத்துல ஒரு வருஷம் மண்ண தொடவே இல்ல.

முதல்ல கறிவேப்பிலை. கம்பு வெட்டி நட்டா லேசுல பிடிக்காது, பெரிய மரத்துக்க வேர்ல இருந்து கிளம்புற கன்னு கேட்டு வாங்குங்க. இலைய உருவாம நுனிய கிள்ளி எடுங்க, அப்போ தான் கிளை பிரியும். புளிச்ச மோர தண்ணி சேத்து வாரம் ஒருநாள் ஊத்துனா இலை கரும்பச்சையா வரும். ரெண்டாவது காந்தாரி, அது பக்கெட்டுலயே காய்க்கும், கொஞ்சம் நிழல் இருந்தாலும் கோவிக்காது. மூணாவது முருங்கை, கை தண்டி கம்பு நாலடி நீளத்துல நட்டா போதும், மாடியில வைக்கிறவங்க பி.கே.எம்.1ங்கிற செடிமுருங்கை விதை போட்டு நுனிய வெட்டி வெட்டி குட்டையா வளருங்க.

நாலாவது வாழை. எங்க ஊருக்குன்னு மட்டி இருக்கு, கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சுது, பிள்ளைகளுக்கு முதல் முதலா ஊட்டுற பழம் எங்க வீடுகள்ல அது தான். கன்னு எடுக்கும்போது இலை ஒடுங்கி வாள் மாதிரி நிக்கிறத எடுங்க, சின்னதுலயே அகல இலை விரிச்சு நிக்கிறது நீர்க்கன்னு, அதுக்கு பலம் கிடையாது.

அஞ்சாவது மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. இத பத்தி கொஞ்சம் கூடுதலா சொல்லணும். திருவிதாங்கூர்ல இந்த கிழங்க பரப்புனது 1880ல இருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசி கிடைக்காத காலத்துல எத்தனையோ வீட்டுல இது தான் சோறு. நல்லா முத்தின தண்டுல அடியும் நுனியும் தள்ளிட்டு நடுப்பாகத்த ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கிடுங்க. மண்ண கூம்பா கூட்டி, அதுக்க உச்சியில ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு நேரா குத்தி வைங்க, ஒண்ணுக்கொண்ணு மூணடி தள்ளி. மொட்டு மேல பாத்து இருக்கணும். எனக்கு முதல் தடவ பக்கத்து வீட்டு மைனி ஒரு கட்டு கம்பு தந்தாங்க, நான் பாதிய தலகீழா நட்டுட்டேன், அது முளைக்கவே நாளாச்சு, முளைச்சதும் நோஞ்சானா நின்னுது. இலை உதிர்ந்த தழும்பு இருக்கு பாத்தீங்களா, அதுக்கு மேல தான் மொட்டு இருக்கும், அத வச்சு கண்டுபிடிங்க. முளை வந்த பிறகு எதிரெதிரா ரெண்ட விட்டுட்டு மத்தத ஒடிச்சு எடுத்துருங்க. எட்டுல இருந்து பத்து மாசத்துல கிழங்கு தோண்டலாம். அவசரம் உள்ளவங்க ஸ்ரீஜயா, ஸ்ரீவிஜயா கம்பு தேடி பாருங்க, அது ஆறேழு மாசத்துல வரும், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல உள்ள மத்திய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் விட்ட ரகம். அவிக்கும்போது மூடாம நிறைய தண்ணியில கொதிக்கவிட்டு அந்த தண்ணிய கொட்டிருங்க, அதுல விஷத்தன்மை உண்டு, கசக்குற கிழங்க தின்னவே வேண்டாம்.

ஸ்டெப் 4: இருக்கத வச்சு அவியல்

செடி காய்க்க நாளாகும், அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நோட்டுல எழுதுன மிச்சத்தையும் பக்கத்து வீட்டுல இருந்து வந்ததையும் ஒரே சட்டியில சேக்கிற சமையல் அவியல் தான். ஒரு முருங்கக்காய், ஒரு ஏத்தங்காய் (நேந்திரங்காய்), ஒரு துண்டு சேனை, ஒரு கீத்து தடியங்காய் (வெள்ளை பூசணி), ஒரு பிடி பயறு, எதுவும் தனியா ஒரு கறிக்கு காணாது, சேந்தா அஞ்சு பேருக்கு வயிறு நிறையும்.

எல்லாத்தையும் விரல் நீளத்துக்கு ஒரே தடிமனா நறுக்குங்க, முக்கா கிலோ வரணும். சேனை நறுக்கும்போது கையில தேங்காய் எண்ணெய் தடவிக்கிடுங்க, அரிக்காது. அடி கனமான சட்டியில சேனையும் ஏத்தங்காயும் முதல்ல போட்டு, கால் ஸ்பூன் மஞ்சப்பொடியும் ஒரு டம்ளர் தண்ணியும் விட்டு மூடுங்க. அது பாதி வெந்த பிறகு முருங்கக்காயும் பயறும், கடைசியா தடியங்காய், அது தானே தண்ணி விடும் அதனால மேல தண்ணி ஊத்தாதீங்க. உப்பு இந்த நேரத்துல போட்டா போதும். புளிப்புக்கு நான் மாங்காய் கிடைச்சா நாலு துண்டு மாங்காய் போடுவேன், இல்லாத நாள் கால் கப் தயிர்.

ஒரு மூடி தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பச்சமிளகாய், ரெண்டு சின்ன உள்ளி, இத தண்ணி விடாம சதச்சு எடுங்க. மிக்சியில ஓட்டுறவங்க ரெண்டு திருப்பு திருப்பி நிறுத்திருங்க, விழுதா அரைஞ்சா அவியல் கூட்டா போயிரும், சீரகம் பாதி முழுசா கண்ணுல தெரியணும், அது தான் பதம். காய் மேல அரப்ப வச்சு மூடி, ஆவி வந்த பிறகு அகப்பை காம்பால பைய பிரட்டுங்க, கரண்டி போட்டு கிண்டுனா உடைஞ்சிரும். தயிர் ஊத்துறதா இருந்தா தீய குறைச்சிட்டு தான் ஊத்தணும். அடுப்ப அணைச்ச பிறகு ரெண்டு ஸ்பூன் பச்ச தேங்காய் எண்ணெய், ஒரு ஈர்க்கு கறிவேப்பிலைய உள்ளங்கையில வச்சு கசக்கி மேல போட்டு அஞ்சு நிமிஷம் மூடி வைங்க. மூடிய திறக்கும்போது வருமே ஒரு வாசம், எங்க வீட்டுல பிள்ளைங்க படிப்ப விட்டுட்டு எந்திரிச்சு வர்றது அந்த வாசத்துக்கு தான்.

ஸ்டெப் 5: அலமாரியும் பூவும்

புதுத்துணி எடுக்குமுன்ன அலமாரியில கிடக்க நேரியதும் முண்டும் வெளிய எடுங்க. களியக்காவிளையில இருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டினா பாலராமபுரம், அங்க நெய்யுற சாலியர் குடும்பங்களுக்க முன்னோர்கள் தமிழ்ப்பக்கம் இருந்து போனவங்க தான், அதனால அந்த துணி மேல எனக்கு தனி பிரியம். கசவு துணிய, அதாவது ஜரிகைக்கரை போட்டத, தனியா பச்சத்தண்ணியில அலசுங்க, முறுக்கி பிழிய வேண்டாம், நிழல்ல காயப்போடுங்க. முண்டுக்கு மட்டும் சோறு வடிச்ச கஞ்சிய நல்லா வடிகட்டி தண்ணியா கரைச்சு முக்கி எடுத்தா விறைப்பா நிக்கும். பாச்சா உருண்டையும் (அந்துருண்டை) சென்ட்டும் கசவுல படாம பாத்துக்கிடுங்க, கறுத்துரும். மாசம் ஒருக்க மடிப்ப மாத்தி மடிங்க, ஒரே மடிப்புல கிடந்தா அந்த வரியில தான் கிழியும். கிழிஞ்சு போன ஒரு நேரியதுக்க கரைய மட்டும் வெட்டி மகளுக்க வெள்ளை பாவாடையில தச்சு குடுத்தேன், ஓணத்துக்கு அவ அத கழட்டவே இல்ல.

பூவுக்கு ஒரு பிச்சிக் கொடி போதும், மழை நேரத்துல முத்தின கம்பு நட்டா பிடிச்சுக்கிடும். எங்களுக்கு தோவாளை சந்தை இருக்கு, விடியுமுன்ன கூட்டமா இருக்கும், விசேஷத்துக்கு அங்க வாங்குவோம், தினசரிக்கு வீட்டு கொடி. வாழைத்தண்டுல காய்ஞ்ச பட்டைய உரிச்சு நனைச்சு மெலிசா கிழிச்சா நார் ரெடி, ரெண்டு பூ அங்கயும் ரெண்டு பூ இங்கயும் காம்போட காம்பு சேத்து வச்சு ஒரு சுத்து, ஒரு முடிச்சு.

ஸ்டெப் 6: ஞாயித்துக்கிழமை இலை

மாசக்கடைசி ஞாயித்துக்கிழமை, போனை எல்லாம் அலமாரி மேல வச்சுட்டு, எல்லாரும் தரையில உக்காந்து இலை போட்டு சாப்பிடுங்க. இலைக்க நுனி இடது பக்கம் வரணும்னு சின்னவங்களுக்கு சொல்லி குடுங்க, தண்ணி வைக்கிறதும் உப்பு வைக்கிறதும் அவங்க வேலை. சாப்பிட்ட இலை ஸ்டெப் 2 பக்கெட்டுக்கு, இல்லன்னா பக்கத்து வீட்டு பசுவுக்கு.

அவியல் ஒரு கிண்ணம் மதிலுக்கு அப்பறம் கண்டிப்பா போகணும், மூணாவது பக்கத்துல பேர் எழுதுனீங்களே அவங்களுக்கு தான். எங்க வீட்டுல இருந்து போன பாத்திரம் ஒருநாளும் வெறுமையா திரும்பி வந்ததில்ல, காந்தாரியோ ரெண்டு முட்டையோ ஏதாவது இருக்கும். பத்து மாசம் கழிச்சு மரச்சீனி தோண்டும்போது கிழங்கோட கம்பையும் குடுங்க, அதுக்கு மின்ன ஒவ்வொரு கம்புலயும் மேல வர்ற நுனியில ஒரு சிவப்பு நூல் கட்டிருங்க, வாங்குறவங்க தலகீழா நட்டுறாம இருக்கும்.