ஹம்மிங்பேர்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர்: ஒன்றுக்கு நாலு

அமெரிக்காவில் இருப்பவர்களே, தோட்டத்துக்கு ஹம்மிங்பேர்ட் (பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை) வரவேண்டும் என்று கடையில் விற்கும் சிவப்புத் தண்ணீரை வாங்காதீர்கள். 1 கப் வெள்ளைச் சர்க்கரை, 4 கப் தண்ணீர். கரையும்வரை கலக்கி, ஆறவைத்து ஊற்றினால் போதும். சாயம் தேவையே இல்லை, ஃபீடரில், அதாவது கரைசலை ஊற்றித் தொங்கவிடும் புட்டியில், இருக்கும் சிவப்புப் பூவே அவற்றை இழுத்துவிடும். நமக்கோ நாட்டுச் சர்க்கரை, தேன் என்றுதான் கை போகும். இங்கே அது ஆகாது. தேன் கரைசலில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்; நாட்டுச் சர்க்கரையில் உள்ள இரும்புச்சத்து இந்தக் குட்டி உடம்புக்குக் கெடுதல்.

வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் கலங்கித் தெரிந்தாலோ, உறிஞ்சும் துளையைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, உடனே கொட்டிவிட்டு வெந்நீர் விட்டு பிரஷால் தேயுங்கள். மிச்சக் கரைசல் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

அப்புறம், அவை தேன் குடிக்க சால்வியா என்ற பூச்செடி நாலு வையுங்கள். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம், குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவதே சின்னப் பூச்சிகளைத்தான். ஒரே ஒரு முரட்டு ஆண் பறவை மற்றவற்றை விரட்டிக்கொண்டே இருக்கிறதா? இரண்டாவது ஃபீடரை வீட்டின் மறுபக்கம், அதன் கண்ணில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.