நேச நாட்டிடம் போர்க்கப்பல் இரவல் வாங்கும்போது

முதலில் முடிவு செய்ய வேண்டியது: கப்பலை மட்டும் வாங்குவதா, மாலுமிகளோடு சேர்த்தா? மீதி எல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

மாலுமிகளோடு வந்தால் உடனே கடலில் இறக்கலாம். 1942இல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடியபோது பிரிட்டன் அப்படித்தான் 24 ட்ராலர்களை (ஆயுதம் பூட்டிய மீன்பிடி வகைக் கப்பல்கள்) அனுப்பியது. ஆனால் அதற்குத் தரும் நாடும் போரில் இறங்கியிருக்க வேண்டும். நடுநிலை நாடு போரிடும் தரப்புக்குப் போர்க்கப்பல் கொடுப்பதையே 1907 ஹேக் 13ஆம் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு தடுக்கிறது. இருந்தும் 1940 செப்டம்பரில், இன்னும் போரில் இறங்காத அமெரிக்கா 50 பழைய நாசகாரிகளை (டிஸ்ட்ராயர் கப்பல்கள்) பிரிட்டனுக்குக் கொடுத்து, பதிலுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் தளங்களைப் பெற்றது. அந்தக் கப்பல்கள் நாட்டின் பாதுகாப்புக்கு அவசியமில்லை என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் ஸ்டார்க் சான்றளிக்கவும் வேண்டியிருந்தது. தரும் நாட்டின் உள்நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

வெறும் கப்பலாக வாங்கினால் சிக்கல் இன்ஜின் அறையில் தொடங்கும். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் விமானந்தாங்கிகளில் ஒன்று போய்விட்டால் ஐவோ ஜிமா என்ற ஹெலிகாப்டர் கப்பலைத் தர அமெரிக்காவின் ரீகன் அரசு தயாராக இருந்ததாக, அன்றைய அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் லேமன் 2012இல் சொன்னார். ஹாரியர் விமானங்கள் அதன் தளத்தில் இறங்கிவிடும். கீழே கொதிகலனை யார் பார்ப்பது? விவரம் தெரிந்த ஆட்களை ஒப்பந்தத்தில் அமர்த்துவதுதான் வழி. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. படையின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மாலுமிகளும், அரசு நியமித்த அதிகாரியின் தலைமையும் இருந்தால்தான் சர்வதேச விதிப்படி அது போர்க்கப்பல். எனவே ஒப்பந்த ஆட்களை உங்கள் கடற்படைப் பட்டியலில் சேர்த்த பிறகே கொடியை ஏற்றுங்கள்.

பயிற்சிக்கு நாளல்ல, மாதக் கணக்கு போடுங்கள். 1945இல் அலாஸ்காவின் கோல்ட் பே தளத்தில் அமெரிக்கர்கள் சுமார் 12,000 சோவியத் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து 149 கலங்களை ஒப்படைத்தார்கள். அதற்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆனது.

குண்டு, உதிரிபாகம், எரிபொருள் மூன்றையும் கப்பலோடு சேர்த்தே கேளுங்கள். இரு நாட்டுப் பீரங்கியும் நான்கு அங்குலம்தான் என்று நம்பி ஏமாறக் கூடாது; ஒன்றின் குண்டு மற்றதில் நுழையாது. 1942இல் பிரிட்டன் அனுப்பிய ட்ராலர்கள் நிலக்கரியில் ஓடுபவை, ஆக எண்ணெய்க் கிடங்கு பக்கத்தில் இருந்தும் பயனில்லை. 50 நாசகாரிகளில் பலவும் பழுது பார்த்துப் பல மாதம் கழித்துத்தான் வேலைக்கு வந்தன.

விமானந்தாங்கி என்றால் வேலை இரட்டிப்பு. 1942 அக்டோபரில் தன் விமானந்தாங்கி ஹார்னெட் மூழ்கிய பின் அமெரிக்கா பிரிட்டனிடம் விக்டோரியஸ் என்ற விமானந்தாங்கியை இரவல் கேட்டது. அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்தில் வேலை பார்த்து, பனாமா வழியாக 1943 மார்ச்சில் பேர்ல் ஹார்பர் போய், மே மாதத்தில்தான் அது தென் பசிபிக்கின் நூமியா துறைமுகம் சேர்ந்தது. கனமான அவெஞ்சர் விமானம் இறங்க, தளத்தில் வேகத்தைப் பிடிக்கும் கம்பிகளை வலுவாக்க வேண்டியிருந்தது. விமானத்தை இறக்க வழிகாட்டும் சைகையோ நேர் எதிர்: தளத்தில் நிற்பவர் கையை உயர்த்தினால் பிரிட்டிஷ் விமானி மேலே ஏற வேண்டும், அமெரிக்க விமானிக்கோ 'நீ உயரத்தில் இருக்கிறாய், இறங்கு' என்று பொருள். ஒரே அணியில் பறப்பதற்கு முன் ஒரு தரப்பு தன் முறையை விட்டாக வேண்டும். அடுத்து வேலையைப் பிரியுங்கள். பிரிட்டிஷ் அவெஞ்சர்கள் அமெரிக்க விமானந்தாங்கி சரடோகாவுக்கு மாறின, அமெரிக்கப் போர் விமானங்கள் விக்டோரியஸுக்கு வந்தன. காவல் ஒரு கப்பலுக்கு, தாக்குதல் மற்றதற்கு. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பாதையையும் அடையாளச் சைகைகளையும் நேச நாட்டு விமானப் படைக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். கப்பல் தலைவரும் ஒதுக்கிய பாதையை விட்டு விலகக் கூடாது. 1944 ஜூலை 27 அன்று, பிரிட்டன் இரவல் கொடுத்த வி-1 என்ற சோவியத் நீர்மூழ்கி ஒதுக்கிய பகுதியை விட்டு விலகியிருந்தது. விமானத்தைக் கண்டதும் அது மூழ்கப் பார்க்க, எதிரி என்று நினைத்துப் பிரிட்டிஷ் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானமே அதை அழித்துவிட்டது.

வாங்கும் நாளிலேயே இரு தரப்பும் சேர்ந்து பீரங்கிக் கோபுரம் முதல் பம்பு வரை ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து, பட்டியலில் கையெழுத்திடுங்கள். மூழ்கினால் யார் ஈடு கட்டுவது என்பதும் அதே தாளில் வரட்டும். 1944இல் சோவியத் நாட்டுக்கு இரவலாகப் போன பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் சாவரின், 1949இல் படுமோசமான நிலையில்தான் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்துக்குத் திரும்பியது.