ஆஸ்திரேலிய டிவி காமெடி: பாருங்கள், சிரியுங்கள், ஆபீசில் நடித்துக் காட்டாதீர்கள்

டிவி பார்க்க லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்று ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். வேண்டாம். அந்தத் தொல்லை லண்டனில்தான். இங்கே அதை 1974லேயே எடுத்துவிட்டார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆன்டெனா இணைப்பு இருக்கும். டிவியை அதில் மாட்டினால் பொதுச் சேனல்களான ஏபிசி, எஸ்பிஎஸ், வணிகச் சேனல்களான செவன், நைன், டென் எல்லாம் வரும். ஆன்டெனா வேலை செய்யவில்லையென்றால் அந்தந்தச் சேனலின் ஆப் போதும். ஏபிசி ஐவியூ, எஸ்பிஎஸ் ஆன் டிமாண்ட் உட்பட எல்லாம் இலவசம், மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் முடிந்தது. பின்ஜ், ஸ்டான், நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் எல்லாம் மாதாமாதம் காசு. எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்காமல், ஒன்றில் வேண்டியதைப் பார்த்து முடித்து நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சப்டைட்டிலைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊர் உச்சரிப்பு காதுக்குப் பிடிபட நாளாகும்.

நடைமுறை அவ்வளவுதான். இதை எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. என் நண்பர் ஒருவருக்கு ஒரு பழைய காமெடித் தொடரால் வேலை போனது. இன்னொருவருக்கு அது நடக்கக் கூடாது.

நண்பர் கோயம்புத்தூர்க்காரர். நிறுவனம் ஸ்பான்சர் செய்கிற 482 வேலை விசாவில் மெல்பர்னுக்கு மென்பொருள் வேலைக்கு வந்தவர். வேலையில் கெட்டிக்காரர், மிமிக்ரியில் அதைவிடக் கெட்டிக்காரர். காலேஜ் ஹாஸ்டலில் பிரின்சிபால் தொடங்கி மெஸ் மாஸ்டர் வரை யாரையும் விட்டதில்லை. பெங்களூர் ஆபீசில் மலையாளி மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவார், அந்த மேனேஜரே விழுந்து விழுந்து சிரிப்பாராம். இங்கே வந்ததும் வாயைக் கட்டிப் போட்டது போல ஆகிவிட்டது. வடிவேலு வசனம் ஒன்றை எடுத்துவிட்டால் நம் ஊரில் ஒரு மேசையே சிரிக்கும். இங்கே யாரிடம் சொல்வது? மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள், இவர் ஃபோனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளிரையும் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதையும்விட இதுதான் ஆளை வாட்டும். நாலு பேரைச் சிரிக்க வைத்தே பழகியவருக்கு அது இல்லாமல் போவது சின்ன இழப்பு இல்லை.

ஒருநாள் கூட வேலை செய்கிற ஒருவர் ஏதோ ஒரு வசனம் சொல்ல, மேசையே சிரித்தது. நண்பர் வீட்டுக்குப் போய் யூடியூபில் தேடிப் பிடித்தார். காமெடி நடிகர் கிறிஸ் லில்லி 2007இல் ஏபிசியில் செய்த ‘சம்மர் ஹைட்ஸ் ஹை’. லில்லிக்கு அதில் மூன்று வேடம்: தனியார் பள்ளியிலிருந்து வந்த மாணவி, நாடக ஆசிரியர், ஜோனா என்ற டோங்கா (பசிபிக் தீவு நாடு) வம்சாவளிப் பையன். லில்லி வெள்ளைக்காரர். ஜோனாவுக்காக முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு நடித்தார். அப்போது அது பெரிய வெற்றி. பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் அந்த வசனங்களைச் சொல்லித் திரிந்தார்கள். நம் நண்பருக்கு ஜோனாவின் குரல் அச்சாக வந்துவிட்டது. அடுத்த வாரம் சாப்பாட்டு அறையில் நடித்துக் காட்டினார்.

மைக்ரோவேவ் பக்கத்தில் சாப்பாடு சூடு செய்துகொண்டு நின்ற பெண்ணின் அம்மா சமோவாக்காரர், அதுவும் டோங்கா பக்கத்துத் தீவு நாடுதான். சிரிக்கத் தொடங்கிய இரண்டு பேர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். அன்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஊராக இருந்தால் “என்னப்பா இது, நல்லாவா இருக்கு?” என்று யாராவது முகத்துக்கு நேரே கேட்டிருப்பார்கள், இவரும் மன்னிப்புக் கேட்டிருப்பார், டீ குடித்துவிட்டு மறந்திருப்பார்கள். இங்கே மறுநாள் காலையில் எச்ஆரிடமிருந்து மீட்டிங் அழைப்பு வந்தது. ப்ரொபேஷன் முடிய சில வாரம்தான் இருந்தது. உறுதி செய்ய மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதன் சட்டப் பக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்து ஆறு மாதம் ஆகும் முன் வேலையைவிட்டு எடுத்தால், நியாயமில்லாத பணிநீக்கம் என்று, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் கமிஷனில் வழக்குப் போட முடியாது. 15 பேருக்கும் குறைவாக வேலை செய்கிற இடம் என்றால் ஒரு வருடம் ஆக வேண்டும். அதற்கு மேல் வேலை செய்தவர்கள் பணிநீக்கம் ஆன 21 நாளுக்குள் மனு போட்டாக வேண்டும். 482 விசாவில் இருப்பவர்கள் வேலை போனபின் அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. 2024 ஜூலைக்கு முன் அது 60 நாளாக இருந்தது. நண்பர் அந்த அவகாசத்துக்குள் அடிலெய்டில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வேலை பிடித்தார். மெல்பர்ன் வீட்டு ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்த செலவு, மனைவியின் டிக்கெட்டை மாற்றிய செலவு எல்லாம் தலையில். எச்ஆர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ராஜினாமா கடிதம் எழுதச் சொன்னால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வாருங்கள்.

நண்பருக்குத் தெரியாமல் போனது இதுதான்: லில்லியின் நான்கு தொடர்களை 2020 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸ் இந்த நாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, ‘சம்மர் ஹைட்ஸ் ஹை’யும் அதில் ஒன்று. யூடியூபில் துண்டு துண்டாகக் கிடைப்பதைப் பார்க்கிற புதியவருக்கு, இது இன்று ஓடுவதா, பல வருடம் முன்பு ஓடி இப்போது ஒதுக்கி வைத்ததா என்று யார் சொல்வார்கள்? இங்கேயே வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தானாகத் தெரியும். தங்களுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வார்கள். அதே வரியை எங்கே, யார் முன்னால் சொல்லக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

“நானும் கறுப்புதானே, நான் செய்தால் என்ன” என்று நண்பர் கேட்டார். அது இங்கே எடுபடாது. 2009 அக்டோபரில் சேனல் நைனின் ‘ஹே ஹே இட்ஸ் சாட்டர்டே’ சிறப்பு நிகழ்ச்சியில் ஒரு குழு முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு மைக்கேல் ஜாக்சன் பாட்டுக்கு ஆடியது. நடுவராக வந்திருந்த அமெரிக்கப் பாடகர் ஹாரி கானிக் ஜூனியர் பூஜ்யம் போட்டார், அந்த நிகழ்ச்சியிலேயே தொகுப்பாளர் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அந்தக் குழுவில் இந்திய வம்சாவளிக்காரரும் இருந்தார். அவருடைய நிறம் அவரைக் காப்பாற்றவில்லை.

இதில் நம் வளர்ப்பையும் பேசத்தான் வேண்டும். கவுண்டமணி செந்திலை என்னென்ன சொல்லித் திட்டுவார் என்று நமக்கு மனப்பாடம். நிறம், உடம்பு, முடி, ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் கேலி செய்தே நம் சினிமாவும் டிவியும் சிரிக்க வைத்தன. அதைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன், இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. நம் பிள்ளையின் பேச்சை இங்கே பள்ளியில் ஒருவன் நடித்துக் காட்டினால் நமக்கு எப்படி எரியும்? அந்தச் சமோவாப் பெண்ணுக்கும் அப்படித்தான் எரிந்திருக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? இன்று ஓடுகிற நல்ல ஆஸ்திரேலிய காமெடியில் அடி பெரும்பாலும் பேசுகிறவர் மேலேயே விழும், இல்லையென்றால் அவருக்கு மேலே இருக்கிற அதிகாரம் மேல் விழும். ‘ஃபிஸ்க்’ பாருங்கள். 2021இல் ஏபிசியில் தொடங்கியது, கிட்டி ஃபிளானகன் எழுதி நடித்தது. கல்யாணம் முறிந்து சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குத் திரும்பி வந்த வக்கீல் ஹெலன், உயிலும் சொத்துத் தகராறும் பார்க்கிற ஒரு சின்ன ஆபீசில் சேர்கிறார். அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி, மகளுக்குப் போட்டுக்கொள்ள எப்போதும் ஒரே பழுப்பு நிற சூட். நம் வீடுகளில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை எப்படியோ, அப்படியேதான் அங்கே வருகிற குடும்பங்களும். ஒரு பகுதி அரை மணி நேரம், பருவத்துக்கு (சீசனுக்கு) ஆறு பகுதி. மெகா சீரியலுக்குப் பழகிய நமக்கு உட்கார்வதற்குள் முடிந்துவிடும்.

அரசு வேலைக்கோ கவுன்சில் வேலைக்கோ போகிறவர்கள் ‘யுடோபியா’வை விடக் கூடாது. ரயில் பாதை, துறைமுகம் என்று பெரிய திட்டங்களைப் போட வேண்டிய ஒரு தேசிய அலுவலகம். பாதை காகிதத்திலேயே கிடக்கும், அதற்குள் லோகோ வந்துவிடும், அறிமுக வீடியோ வந்துவிடும். ராப் சிட்ச் அதில் அதிகாரி டோனியாக வந்து வேலை நடக்கட்டுமே என்று தவிப்பார். 2014 முதல் 2023 வரை ஐந்து பருவம் வந்தது. மீட்டிங்கில் ஒருவர் உங்கள் யோசனையைப் பாராட்டிக்கொண்டே எப்படிக் குழி தோண்டி மூடுவார் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தராது.

அந்த ‘யுடோபியா’வில் ஆஷ் என்ற பாத்திரத்தில் வருகிறவர் டில்ருக் ஜயசிங்க. கொழும்பிலிருந்து படிக்க மெல்பர்னுக்கு வந்தவர், கணக்காளராக வேலை பார்த்துவிட்டு மேடைக்குப் போனார். 2018இல் மக்கள் விரும்பும் புதுமுகத்துக்கான லோகி என்ற ஆஸ்திரேலிய டிவி விருது வாங்கினார். நம் பக்கத்துக் கடலோரத்திலிருந்து வந்த ஒருவர், தன் சொந்த உச்சரிப்பிலேயே பேசி இந்த நாட்டைச் சிரிக்க வைத்தார் என்பது எனக்குப் பெருமை. இலங்கைப் பெற்றோருக்கு மெல்பர்னில் பிறந்த நசீம் ஹுசைன் 2013இல் எஸ்பிஎஸ்ஸில் ‘லீகலி பிரவுன்’ செய்தார். பழங்குடியினரே எழுதி நடித்த ‘பிளாக் காமெடி’ 2014இல் ஏபிசியில் வந்தது. மாணவர்கள் ரானி சியெங்கின் ‘இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்’ தேடிப் பாருங்கள். மெல்பர்னில் சட்டம் படிக்க வந்த மலேசிய மாணவனின் கதை. இவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக் கதையை அவரவரே சொல்கிறவர்கள். நீங்களும் அதைச் செய்யலாம். உங்கள் மாமா விமான நிலையத்தில் ஊறுகாய்க்காகச் சண்டை போட்ட கதையைச் சாப்பாட்டு அறையில் சொல்லுங்கள், சிரிப்பார்கள்.

‘ஹார்ட் குவிஸ்’ஸை வேறு ஒரு காரணத்துக்காகப் பார்க்கச் சொல்வேன். அதை நடத்துகிற டாம் கிளீசன் முகத்தில் சிரிப்பே காட்டாமல் போட்டியாளர்களை அவமானப்படுத்துவார், அவர்களும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்கள். ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு பித்தளைக் கோப்பை. உங்கள் மேலாளர் இப்படி உங்களை ஒரு வார்த்தை சொன்னால், பெரும்பாலும் உங்களை உள்ளே சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம். மனதுக்குள் வைத்துக் குமுறாதீர்கள். ஆனால் முதல் ஆறு மாதம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்.

நம் ஆட்களில் பலர் “இந்த ஊர் டிவியில் என்ன இருக்கு?” என்று சொல்லி, பத்து வருடமாகச் சென்னைச் சேனலைத் தவிர எதையும் பார்க்காமல் இருக்கிறார்கள். கேட்கும்போதே எரிச்சல் வருகிறது. இருப்பது குறைந்துவிட்டது என்பது உண்மைதான். ‘காத் அண்ட் கிம்’ மாதிரி ஊரே கூடிப் பார்த்த குடும்ப காமெடியை வணிகச் சேனல்கள் இப்போது எடுப்பதே அரிது. டென்னில் ‘ஹேவ் யூ பீன் பேயிங் அட்டென்ஷன்?’, ‘தி சீப் சீட்ஸ்’ போல மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகள்தான் ஓடுகின்றன. செய்தியையும் கேலியையும் கலந்து பேசிய ‘தி ப்ராஜெக்ட்’ 2025 ஜூனோடு முடிந்தது. கதை காமெடி ஏபிசியிலும் காசு கட்டும் தளங்களிலும்தான் உயிரோடு இருக்கிறது. 2025 கடைசியில் வந்த சட்டப்படி பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் இங்கே நிகழ்ச்சிகளுக்குச் செலவிடுவதில் குறைந்தது 10 சதவீதமோ, இல்லையென்றால் இங்கே வரும் வருமானத்தில் 7.5 சதவீதமோ உள்ளூர்த் தயாரிப்புக்குப் போக வேண்டும். அதில் காமெடிக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பின்ஜில் ‘காலின் ஃப்ரம் அக்கவுன்ட்ஸ்’, பிரைமில் ‘டெட்லாக்’ இரண்டும் அருமை. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது ஹாலில் போடாதீர்கள், பேச்சும் காட்சியும் அப்படி. அவர்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பார்க்க ஏபிசி ஐவியூவில் ‘ப்ளூயி’ கார்ட்டூன் இருக்கிறது. ஒரு கதை ஏழு நிமிடம், பிரிஸ்பேனில் தயாரித்தது, தாத்தா பாட்டிக்கும் புரியும். ஒன்று நினைவிருக்கட்டும், ஐவியூ ஆஸ்திரேலியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். லீவில் ஊருக்குப் போய் அதைக் காட்டலாம் என்று குழந்தைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மெல்பர்னில் இருப்பவர்கள் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நடக்கும் காமெடித் திருவிழாவுக்கு ஒருமுறையாவது போங்கள். டிவியில் பார்த்த அதே ஆட்கள் சின்னச் சின்ன அறையில் நின்று பேசுவார்கள், டிக்கெட்டும் பெரிய கச்சேரி விலை இருக்காது. ஆபீசில் யாரையாவது கூட அழைத்துப் போங்கள், மறுநாள் சாப்பாட்டு அறையில் பேச விஷயம் கிடைக்கும். முன் வரிசையில் உட்காருகிறவர்களிடம் மேடையிலிருப்பவர் பேச்சுக் கொடுப்பார். கூச்சமாக இருந்தால் நாலாவது வரிசையில் ஓரமாக இடம் பிடியுங்கள்.