விண்டோஸ் சர்வரில் நெட்வொர்க் அடாப்டர் செட்டிங்: எதை மாற்றலாம், எதைத் தொடவே வேண்டாம்

நெட்வொர்க் அடாப்டர் என்பது சர்வரை நெட்வொர்க்கோடு இணைக்கும் கார்டு. அதன் செட்டிங்கை மாற்றி ஓகே கொடுத்ததும் அடாப்டர் ஒருமுறை அணைந்து எழும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்தால் இணைப்பு அறும். மதிப்பு தப்பாகப் போயிருந்தால் திரும்ப உள்ளே நுழையவும் முடியாது. அதனால் நேரடி கன்சோல், அதாவது இந்தக் கார்டை நம்பாமல் சர்வரைக் கையாளும் வழி, கைவசம் இருக்கட்டும். பழைய மதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றும் முன் அளந்து பாருங்கள். 1 ஜிகாபிட் இணைப்பில் பெரிய ஃபைல் ஒன்று வினாடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் நகர்ந்தால் லைனே நிரம்பிவிட்டது. செட்டிங்கில் தேட ஒன்றுமில்லை. குறைவாக இருந்தால் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பிரிவில், 'பாக்கெட்ஸ் ரிசீவ்டு டிஸ்கார்டட்' எண் (வந்தும் கைவிடப்பட்ட பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள்) ஏறுகிறதா என்று பாருங்கள்.

இனி டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்கள் கார்டு, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட். பெயர்கள் டிரைவருக்கு டிரைவர் கொஞ்சம் மாறும்.

ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் 'ஆட்டோ நெகோஷியேஷ'னிலேயே இருக்கட்டும்; இரு முனைகளும் தாங்களே பேசி முடிவு செய்யும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் ஃபுல் டூப்ளெக்ஸ், மாறி மாறி நடந்தால் ஹாஃப். ஒரு முனையில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டிப்போட்டு மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ முனையால் வேகத்தை மட்டுமே கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸ் தெரியாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) ஒழுங்காகப் போகும், ஃபைல் காப்பி மட்டும் நத்தையாக ஊரும். பலரைச் சுற்றவிடும் கோளாறு இது.

ரிசீவ் சைட் ஸ்கேலிங் எனேபிள்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வரும் பாக்கெட் வேலையெல்லாம் ப்ராசஸரின் ஒரே கோரின் தலையில் விழும். டாஸ்க் மேனேஜரில் ஒரு கோர் 100 சதவீதத்தில் திணற, மற்றவை சும்மா இருந்தால் சந்தேகம் இங்கேதான்.

டிஸ்கார்டட் எண் ஏறினால் மட்டும் ரிசீவ் பஃபர்ஸை (வரும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) கூட்டுங்கள். 512 இருந்தால் 1024, போதாவிட்டால் 2048. கூட்டக் கூட நினைவகம் போகும். எடுத்த எடுப்பில் உச்சத்துக்குத் தள்ளாதீர்கள்.

இன்டரப்ட் மாடரேஷன், பாக்கெட் வந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் சேர்த்து சிபியுவுக்குச் சொல்வது. அதை அணைத்தால் தாமதம் சற்றுக் குறையும், சிபியு சுமை ஏறும். ஃபைல் சர்வருக்கு அது தேவையில்லை. பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஜம்போ பாக்கெட், அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட். சர்வர், ஸ்டோரேஜ், நடுவில் உள்ள ஸ்விட்ச் எல்லாவற்றிலும் போட முடிந்தால் மட்டும் தொடுங்கள். கார்டில் 9014 என்று காட்டுவது 9000 பைட்டோடு 14 பைட் ஈத்தர்நெட் ஹெடரும் சேர்ந்த கணக்கு. சோதிக்க, பிங் கட்டளையில் 'துண்டாக்காதே' என்று சொல்லும் -f சேர்த்து 8972 பைட் அனுப்புங்கள். மீதி 28 பைட் ஐபி, ஐசிஎம்பி ஹெடர்களுக்கு. 1472 (1500-இல் அதே 28 போக மீதி) போய்ச் சேர்ந்து 8972 சேரவில்லை என்றால், வழியில் ஏதோ ஒரு போர்ட் இன்னும் 1500-லேயே நிற்கிறது. பெரும்பாலும் அது ஸ்விட்சில்தான் இருக்கும்.